பழைய காரின் சீட் பெல்ட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

கேள்வி: அப்பா காலத்திலிருந்து எங்களிடம் 1972 மாடல் செடான் ஒன்று இருக்கிறது. எஞ்சின், பெயின்ட், உள் அலங்காரம் எல்லாம் முடித்துவிட்டேன். பாக்கி இருப்பது சீட் பெல்ட்தான். முன் சீட்டுகளில் வண்டியோடு வந்த மூன்று முனை பெல்ட் இருக்கிறது. ஓரமெல்லாம் பிசிறடித்து, நிறம் மங்கிவிட்டது. கழற்றிவிட்டால் பாதி சுருண்டு அப்படியே தொங்குகிறது. பின் சீட்டில் பெல்ட்டே கிடையாது. பக்கிளில் கம்பெனி முத்திரை இருப்பதால் மாற்ற மனம் வரவில்லை. சீட் உறை தைத்துக் கொடுத்த குஷன்காரர், புதுப் பட்டை வாங்கி வந்தால் தானே தைத்துத் தருவதாகச் சொல்கிறார். நண்பரோ, உடைப்புக்குப் போன புது மாடல் கார் ஒன்றின் பெல்ட் செட் முழுதாக இருக்கிறது, அதை மாட்டிக்கொள் என்கிறார். வண்டி மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே போகும். அதற்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா? எது சரி?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெல்ட்டில் உலோகம் பெரும்பாலும் பிழைக்கும், பட்டை பிழைக்காது. முத்திரை போட்ட பக்கிளை வைத்துக்கொண்டு, பெல்ட்டுக்குப் புதுப் பட்டை போடுவதையே தொழிலாகச் செய்யும் பட்டறையில் கொடுத்துப் பட்டையை மாற்றுங்கள். குஷன்காரரின் உதவியும் நண்பரின் செட்டும் இந்த வேலைக்கு வேண்டாம். ஆனால் பெல்ட்டைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது அது பிடித்திருந்த தரையை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒருமுறைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு முறையில் பெல்ட்டின் மேல் என்ன பாரம் விழும் என்று பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதுகிறது. உள்ளே இருப்பவர் 70 கிலோ எடை. காரின் முன்பக்கம் நசுங்குவது, பெல்ட் சற்று நீள்வது எல்லாம் சேர்ந்து அவர் உடல் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டும். கணக்குப் போட்டால் சராசரியாகவே 13,500 நியூட்டன் வருகிறது, ஏறக்குறைய 1,400 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. இதுவும் சராசரிதான், உச்சத்தில் இன்னும் கூடும். நின்று முடிய ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பழைய காரில் முன்பக்கம் இதற்கென்று கணக்குப் பார்த்து நசுங்குவதில்லை, ஏர்பேக் கிடையாது, ஸ்டியரிங் தண்டும் டேஷ்போர்டும் அருகிலேயே இருக்கின்றன. புதிய காரில் நான்கைந்து பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் வேலையை உங்கள் வண்டியில் இந்தப் பட்டை ஒன்றே செய்ய வேண்டியிருக்கிறது.

பட்டை இற்றுப்போவதற்கு ஓட்டம் தேவையில்லை. ஆரம்ப காலப் பெல்ட்கள் பல நைலானில் நெய்யப்பட்டவை, பிறகு பாலியெஸ்டர் வந்தது. நைலான் ஈரத்தை இழுக்கும், அதிகம் நீளும், வெயிலுக்குச் சீக்கிரம் தோற்கும். பாலியெஸ்டர் அதைவிட மேல், ஆனாலும் கண்ணாடி வழியே பல வருடம் விழும் வெயிலை அதுவும் தாங்காது. வெயிலில் கிடந்த கொடிக்கயிறு பார்வைக்கு முழுசாக இருந்து, ஒரு நாள் ஈரப் போர்வை போட்டதும் அறுந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பட்டைக்கும் அதே கதைதான். நிறம் மங்கிய பெல்ட் என்றால் ஒளி அதன் நூலைத் தின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, எப்போதும் ரீலுக்குள் சுருண்டே கிடக்கும் கடைசி ஒரு சாண் பகுதியை, தோளில் படும் பகுதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறத்தில் எவ்வளவு வித்தியாசம் தெரிகிறதோ அவ்வளவு வெயில் அதன் மேல் விழுந்திருக்கிறது. பலம் எவ்வளவு போயிருக்கிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. இழுத்து அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், அறுத்த பிறகு தெரிந்து பயனில்லை.

பிசிறு வேறு கதை. சுமார் 48 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையில் சுமை தாங்குவது நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள். ஓரம் அறுபட்டால் பாரம் அகலம் முழுக்கச் சீராகப் பரவாது. ஒரு பக்கம் கிழியத் தொடங்கினால் அங்கிருந்தே உள்ளே ஓடும். சிலர் பிசிறைத் தீக்குச்சியால் சுட்டு மழமழப்பாக்கிவிடுகிறார்கள். நூலை உருக்குவதும் அறுப்பதும் ஒன்றுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாயம் தோய்த்துக் கருப்பாக்குவதும், பிளீச் போட்டு வெளுப்பதும் அதே கெடுதல். பெல்ட்டுக்கு ஆகக்கூடியது வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் நிழலில் காயவைப்பதும் மட்டும்தான்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெல்ட் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் உடனே ஸ்பிரிங் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான சமயம் குற்றவாளி அழுக்குதான். வியர்வையும் தூசியும் சேர்ந்து பட்டை விறைத்துவிடும். தோளுக்கு மேலே பட்டை திரும்பும் வளையத்திலும் பிசின் மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் அந்த வளையத்தை வழித்துத் துடைத்தாலே பல பெல்ட்கள் மறுபடி ஓடும். பட்டையை மாற்றியதும் உங்கள் ரீலும் ஓட வாய்ப்பு அதிகம். ஆனால் ரீலின் பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இறுகச் சுற்றிய சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. விடுபட்டால் கையைக் கிழிக்கும், திரும்ப உள்ளே போகாது. எண்ணெய் விடுவதும் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பூட்டுப் பற்களில் அப்பிக்கொள்ளும்.

இனி குஷன்காரர். தோலையும் துணியையும் அழகாகத் தைக்கத் தெரிந்தவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இது வேறு தையல். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 209, மூன்று முனை பெல்ட்டின் இடுப்புப் பகுதிப் பட்டை 22,241 நியூட்டனும் மார்புப் பகுதிப் பட்டை 17,793 நியூட்டனும் தாங்க வேண்டும் என்கிறது. ஒளியில் காட்டிச் சோதித்த பிறகும் முதலில் இருந்த பலத்தில் 60 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும் என்றும் கேட்கிறது. இவ்வளவு பலமுள்ள பட்டையைக் கடையில் வாங்கிவிடலாம். அதன் முனையை மடித்துத் தைத்த இடமும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டுமே! தடித்த ஊசி பாவு நூல்களை வெட்டிக்கொண்டே போகும். தையல் அடர்த்தி கூடினால் பட்டை அங்கேயே பலவீனமாகும், குறைந்தால் தையல் பிரியும். பெல்ட் தொழிலில் நூலின் தடிமன், தையலின் வடிவம், நீளம் எல்லாம் மாதிரியை இழுத்து அறுத்துப் பார்த்து நிர்ணயித்தவை. குஷன் கடையில் அந்தச் சோதனை எந்திரம் கிடையாது. கையால் இழுத்துப் பார்த்து உறுதியாக இருக்கிறது என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை, நம் கையால் 1,400 கிலோ இழுக்க முடியாது.

பட்டை மாற்றும் பட்டறையிடம் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். போடும் பட்டைக்கு எந்தத் தரச்சான்று இருக்கிறது? தையலை மாதிரி எடுத்து இழுத்துச் சோதிக்கிறார்களா? வேலை முடிந்த பெல்ட்டில் தேதியும் பெயரும் போட்ட சீட்டுத் தைத்துத் தருவார்களா? இவற்றுக்குத் தயங்குகிற இடத்தை விட்டு விலகிவிடுங்கள். இடது வலது இரண்டையும் போல்ட், வாஷர் தவிர முழுதாக அனுப்புங்கள், ஏனென்றால் பக்கிளையும் ரீலையும் அவர்கள் பட்டையோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் சீட்டை முழுக்க முன்னாலும் முழுக்கப் பின்னாலும் தள்ளி, பெல்ட் எவ்வளவு வெளியே வருகிறது, ரீலில் எத்தனை சுற்று மிச்சம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டை பழையதைவிடத் தடிமனாக இருந்தால் அதே நீளம் ரீலுக்குள் அடங்காது. நெசவு வடிவத்தையும் நிறத்தையும் பழையதற்கு நெருக்கமாகப் பொருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டி நடுவர்கூடக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பார்.

பக்கிள் பிழைக்கும் என்று சொன்னேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பட்டையில் கோத்திருக்கும் உலோக நாக்கை உள்ளே தள்ளும்போது ஒரே சத்தத்தில் பிடிக்க வேண்டும், பட்டனை அழுத்தினால் தானாகத் தள்ளி வெளியே வர வேண்டும். வார்ப்பு உலோகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். நாக்கில் துளை ஓரம் வளைந்திருக்கிறதா, மேற்பூச்சு உரிந்து உள்ளே துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் பட்டன் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1995-ல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் சீட் பெல்ட் பக்கிளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சிவப்பு பட்டனின் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கி, துண்டுகள் உள்ளே விழுந்து, பூட்டியது போலத் தெரிந்தும் பூட்டாமல் போகக்கூடும் என்பதுதான் காரணம். அவை பெரும்பாலும் பத்து வருடத்துக்குள்ளான கார்கள். உங்களுடையது அரை நூற்றாண்டைத் தாண்டியது. விரிசல் கண்டால் முத்திரையுள்ள பக்கிளை அலமாரியில் வைத்துவிட்டு வேறு பக்கிள் போடுங்கள். அந்த முடிவு உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது, இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பெல்ட் எப்போதாவது விபத்தைப் பார்த்திருந்தால் பட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும். தோள் வளையத்தில் பட்டை உரசி உருகிய பளபளப்பு, பட்டையில் அலை அலையான நீட்சி, மோதலில் பிரியட்டும் என்றே முனையில் வைத்த மடிப்பின் தையல் பிரிந்திருப்பது, இவையெல்லாம் அதற்கான அடையாளங்கள்.

நண்பரின் செட் வேண்டாம் என்பதற்கு இது முதல் காரணம். உடைப்புக்குப் போன கார் எப்படி உடைந்தது என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. இன்றைய பெல்ட், ஏர்பேக்கோடு கூட்டுச் சேர்ந்து வேலை செய்ய வடிவமைத்தது. மோதிய நொடியில் சிறு வெடிமருந்து பெல்ட்டை இழுத்து இறுக்கும், அந்த வெடிக்குக் கட்டளை தரும் கம்ப்யூட்டர் உங்கள் வண்டியில் இல்லை. அடுத்து, மார்பெலும்பு நொறுங்காமல் இருக்க, குறிப்பிட்ட பாரத்துக்கு மேல் போனால் ரீல் வேண்டுமென்றே பட்டையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அப்படி முன்னே வரும் தலையை ஏர்பேக் வாங்கிக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. உங்கள் காரில் அந்த இடத்தில் இருப்பது ஸ்டியரிங் வளையம். போதாக்குறைக்கு, விபத்தில் எரியாத வெடிமருந்தைக் கையில் வைத்து நோண்டுவதும் ஆபத்து.

ரீல் சரியில்லை என்று பட்டறை சொல்லிவிட்டால், தரச்சான்று பெற்ற புது பெல்ட் செட் வாங்குவதில் தப்பே இல்லை. ஐரோப்பிய விதி 16-ன்படி சான்று பெற்றதில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். வாங்கும்போது ரீல் எந்தக் கோணத்துக்குச் செய்தது என்று பார்த்து வாங்குங்கள். ரீலுக்குள் ஒரு குண்டு அல்லது ஊசல் இருக்கிறது. வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ அது நகர்ந்து பூட்டைத் தூண்டும். பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவது தனி ஏற்பாடு. 12 டிகிரிக்குள் சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும் என்பது அந்த விதியின் பொதுவான கணக்கு. நேரான பில்லருக்கு, அதாவது கதவோரம் கூரையைத் தாங்கும் தூணுக்குச் செய்த ரீலைச் சாய்ந்த பில்லரில் மாட்டினால் பெல்ட் வெளியே வரவே வராது. எரிச்சலில் சிலர் உள்ளே இருக்கும் குண்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அத்தோடு வண்டியின் வேகம் குறைவதை உணரும் பூட்டு போய்விடுகிறது. ரீலே இல்லாமல், கையால் நீளம் சரிசெய்யும் நிலையான பெல்ட் இன்னொரு வழி. கோளாறாக அதில் அதிகம் எதுவும் இல்லை, பழைய காருக்குப் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் இறுக்கிக் கட்டும் பழக்கம் உள்ளவருக்கு மட்டுமே அது பாதுகாப்பு. வீட்டில் பலரும் ஓட்டுகிற வண்டி என்றால் ரீலையே வையுங்கள்.

இப்போது தரை. பெயின்ட், உள் அலங்காரம் எல்லாம் முடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த கவலை இதுதான்: புதுக் கார்ப்பெட்டுக்குக் கீழே பெல்ட் போல்ட் பிடித்திருக்கும் தகரத்தை யாராவது சுத்தியலால் தட்டிப் பார்த்தார்களா? பெல்ட் நிலைகொள்ளும் புள்ளிகளுக்கான ஐரோப்பிய விதி 14, மூன்று முனை பெல்ட்டுக்கு மேல் பட்டையிலும் இடுப்புப் பட்டையிலும் தனித்தனியே 13,500 நியூட்டன் அளவுக்கு ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. பெல்ட் புத்தம் புதிதாக இருந்து, தரை துருப்பிடித்திருந்தால், மோதலில் போல்ட் ஒரு வட்டத் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பழைய கார்களில் தண்ணீர் தேங்குகிற இடமும் பெல்ட் பிடிக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். கதவுக்குக் கீழே உள்ள ஓரக்கட்டை, பில்லரின் அடி, சீட்டுக்குப் பக்கத்துத் தரை எல்லாம் அதில் அடங்கும். அடியில் பூசிய தார்ப்பூச்சு துருவை மூடி மறைத்துவிடும்.

கார்ப்பெட்டைத் தூக்குங்கள். புதுசாயிற்றே என்று தயங்க வேண்டாம். வண்டிக்கு அடியில் போய் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் ஒரு கை அகலத்துக்குத் தார்ப்பூச்சைச் சுரண்டி, சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டாலோ ஸ்குரூ டிரைவர் முனை இறங்கினாலோ டிங்கரிங் வேலை இருக்கிறது. இற்ற தகரத்தை வெட்டி எடுத்து அதே தடிமனில் புதிதாக வெல்டிங் செய்து, உள்ளிருக்கும் வலுக்கூட்டும் தகட்டையும் மறுபடி வைக்க வேண்டும். துருவின் மேல் ஒரு துண்டு ஒட்டிப் பூசிவிடுவது கண்துடைப்பு. தரையை ஏற்கெனவே மாற்றியிருந்தால் இன்னொரு கேள்வி இருக்கிறது. தொழிற்சாலை வைத்திருந்த அந்தத் தகட்டைத் திரும்ப வைத்தார்களா, அல்லது சமதளத் தகரத்தில் ஒரு ஓட்டை போட்டு நட்டை வெல்டிங் செய்துவிட்டார்களா? வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால் வேலை செய்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

போல்ட் விஷயத்தில் சுருக்கமாக. பெரும்பாலான கார்களில் பெல்ட் போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. மெட்ரிக் அளவில் இது கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர் வருவதால், பட்டறை டப்பாவில் கிடக்கும் போல்ட்டைத் திணித்து மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். பெல்ட்டுக்கென்று செய்த போல்ட்டையே போடுங்கள். பெயின்ட் அடித்தபோது நட்டுக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் மரை வெட்டும் கருவியான டேப்பைச் சரியான அளவில் விட்டு மரையைச் சுத்தம் செய்த பிறகு மாட்டுங்கள். கழற்றும்போது வாஷர், புஷ், இடைவளையம் எந்த வரிசையில் வந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் பெல்ட்டின் முனைத்தகடு சுழலாமல் இறுகிவிடும், பட்டை முறுக்கிக்கொண்டு ஓரத்தில் தேயும். உங்கள் பிசிறு அப்படித்தான் வந்ததோ என்று எனக்குச் சந்தேகம். இறுக்கும் அளவை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

பின் சீட்டுக்கு வருவோம். சீட்டையும் ஓரத் தட்டிகளையும் கழற்றிப் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பெல்ட் இல்லாவிட்டாலும் அதற்கான நட், தகட்டோடு உள்ளே தயாராக, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியோடு இருக்கும். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், வேறு இடம் தேடாதீர்கள். 1959-ல் வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட்டின் சிறப்பே புள்ளிகள் அமைந்த இடத்தில்தான் இருக்கிறது. கீழே இரண்டு புள்ளிகள் இடுப்பின் இருபுறமும் தாழ்வாக, மேலே ஒன்று தோளுக்குப் பின்னால். பாரம் இடுப்பெலும்பிலும் விலாவிலும் விழும், வயிற்றில் விழாது. கீழ்ப் பட்டை பக்கவாட்டில் பார்க்கும்போது கிடைமட்டத்துக்கு 30 டிகிரிக்கும் குறைவாகப் படுத்துவிட்டால், உடல் அதற்கு அடியில் வழுக்கி, பட்டை வயிற்றுக்குள் ஏறிவிடும். மேல் புள்ளி தோள் மட்டத்துக்கு மிகவும் கீழே, உதாரணமாக சீட்டுக்குப் பின்னால் தரையில் இருந்தால், மோதலில் பட்டை தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். மேலே பிடிக்க உறுதியான இடம் இல்லாத வண்டியில் தரையிலிருந்து தோளுக்கு மேல் பட்டையைக் கொண்டுவந்து மூன்று முனை என்று சொல்லிக்கொள்வதைவிட, பின்னால் இடுப்பு பெல்ட்டோடு நின்றுகொள்வது மேல்.

தயாரான நட் இல்லையென்றால் இதில் அனுபவமுள்ள டிங்கரிடம் தகடு வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பந்தயக் கார்களுக்கு சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. கேட்பது குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன், 40 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதையே உங்கள் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் மூலைகள் உருண்டையாக இருக்கட்டும், கூரான மூலை தரைத் தகரத்தைக் கிழிக்கும். சிறு பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைப்பதாக இருந்தால், உங்களிடமுள்ள குழந்தை இருக்கை இடுப்பு பெல்ட்டுக்கு ஏற்றதா என்று அதன் கையேட்டில் பார்க்காமல் ஏற்றாதீர்கள். பல இருக்கைகளுக்கு மூன்று முனை கட்டாயம். முன் சீட் இரண்டு கதவு வண்டிகளைப் போல மடங்குகிற ரகமாக இருந்தால் அதன் பூட்டையும் பாருங்கள். பின்னால் பெல்ட் கட்டாமல் உட்கார்ந்திருப்பவர் முன் சீட்டோடு சேர்ந்து ஓட்டுநர் மேல் விழுவார்.

எல்லாம் மாட்டிய பிறகு, ஆள் இல்லாத நேரான பாதையில் மெதுவாக ஓட்டி பிரேக்கை அழுத்திப் பாருங்கள், பெல்ட் பூட்ட வேண்டும். பட்டையை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்ட வேண்டும், நிதானமாக இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். சில வாரம் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். கண்ணாடி வழியே வெயில் விழும் இடத்தில் வண்டியை நிறுத்துவதானால் உறை போடுங்கள்.

பழைய பட்டை பட்டறையிலிருந்து திரும்பி வந்தால், புதுப் பெல்ட் நீளம் சரியாகப் பொருந்துகிறது என்று உறுதியாகும் வரை அளவுக்காக வைத்திருங்கள். பிறகு தையலை ஒட்டி இரண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாக வெளியே போனால் இன்னொரு பழைய காரில் அசல் பெல்ட் என்ற பெயரில் யாரோ ஒருவர் அதைக் கட்டிக்கொள்வார்.